வெயிலைப் பிடிக்காத புகார் அங்கிள்

ரொறன்ரோ மாநகரத்தில் முதல் வெயிலைக் கண்டு முகம் வாடிய மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். நீண்ட பனிக்காலம் முடிந்து வெயில் எறிக்கிற அன்று, டோர்செட் பார்க்கில் எங்கள் மாடிக் கட்டடத்துச் சனம் முழுவதும் பல்கனிக்கு ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவர் மட்டும் ஜன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். கேட்டால், "இன்றைக்கு நாள் சரியில்லை" என்பார்.

அவர் ஸ்கொட்லாந்துக்காரர். இயற்கைக் காட்சி வரைகிற ஓவியர். அவருக்கு ஒரு பெயர் கட்டாயம் இருந்திருக்கும். எங்கள் மாடியில் எல்லோருக்கும் அவர் புகார் அங்கிள். ஊரில் பனிமூட்டத்தைப் புகார் என்றுதான் சொல்வோம். அவர் வரைந்ததும் அது ஒன்றைத்தான். சென்னையிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு தம்பதி, அயலவர்கள்மேல் அலுவலகத்தில் புகார் கொடுக்கிறவர் போலும் என்று பயந்து, பல வாரம் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் பார்த்தார்கள்.

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்னத் தீவு அவருடைய ஊர். தகப்பன் அங்கே படகோட்டி. ஒரு வருடம் ஓவியம் படிப்பிக்கலாம் என்று இங்கே வந்தவர், திரும்பிப் போக மறந்துவிட்டார். ஏன் போகவில்லை என்று கேட்டால், "போகத்தான் வேண்டும்" என்பார். நாங்களும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதால் மேற்கொண்டு கேட்பதில்லை.

அவர் பேசியது ஆங்கிலம்தான் என்று எனக்குப் பிடிபட ஒரு வருடம் ஆயிற்று. என் ஆங்கிலத்தைப் பற்றி அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்கிற "ஓம்" என்ற சொல்லை வந்த புதிதிலேயே எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். வேண்டிய இடத்திலும் வேண்டாத இடத்திலும் அதைப் போடுவார்.

நாங்கள் பழகத் தொடங்கியது எலிவேற்றரில். நானும் மனைவி வதனியும் ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டிருந்தோம். வதனி மாம்பழ மஞ்சளில் புதுப் பட்டுச்சேலை உடுத்திருந்தாள். புகார் அங்கிள் காயாத ஒரு பெரிய படத்தோடு உள்ளே ஏறினார். கீழ் மாடிகளில் ஆட்கள் ஏற ஏற, படம் வதனியை நெருங்கிக்கொண்டே வந்தது. கதவு திறந்தபோது சேலையில் சாம்பல் நிறத்தில் ஒரு முழு மலை இருந்தது. அவர் சேலையை ஆற அமரப் பார்த்து ஏதோ சொன்னார்.

"இஞ்சருங்கோ, உவர் என்ன சொல்லுறார்?"

"மலை படத்திலை இருந்ததை விடச் சேலையிலை வடிவா விழுந்திருக்காம்."

அடுத்த நாள் வதனி சேலையோடு அவர் கதவைத் தட்டினாள். அவர் மன்னிப்புக் கேட்டு, வர்ணம் கரைக்கிற ரேப்பன்ரைனைத் துணியில் நனைத்துத் துடைத்தார். மலைக்கு முன்னால் ஒரு ஏரியும் வந்து சேர்ந்தது. வதனி தமிழில் அரை மணி நேரம் ஏசினாள். அவர் "ஓம், ஓம்" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் புட்டு அவித்தால் ஒரு பங்கு அவருக்கும் போகும்.

புகார் இறங்கும் காலைகளில் அவர் பஸ் பிடித்து மில்லிக்கனுக்குப் போவார். அங்கே ஒரு பிளாசாவில், கார் நிறுத்துகிற கோடுகளுக்கு நடுவில் ஓவியத் தாங்கியை நட்டுவிட்டு நிற்பார். மரக்கறிக் கடைக்காரர், மாநகரசபையிலிருந்து கடையைப் பரிசோதிக்க வந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, தேத்தண்ணியும் ரோல்ஸும் அனுப்பினார். வாசலில் அடுக்கியிருந்த வெங்காய மூட்டைகளையும் உள்ளே இழுத்தார். சில நாள் கழித்துத்தான் ஆள் ஓவியர் என்று தெரிந்தது. ஆனாலும் ரோல்ஸ் நிற்கவில்லை. நான் விசாரித்தேன்.

"என்னண்ணை செய்யிறது? குளிருக்கை நிக்கிற மனிசனுக்குக் குடுக்கிறதை இடையிலை நிப்பாட்டேலுமே?" என்றார் கடைக்காரர்.

வதனியின் தம்பி யோகன் விட்பியில் வீடு வாங்கியபோது, அந்த வீட்டையே வரைந்து குடிபூரலுக்குத் தரும்படி அவரிடம் கேட்டான். அவரும் விட்பி போய் வரைந்தார். குடிபூரலன்று படத்தை மூடியிருந்த சீலையை விலக்கினார்கள். ஆளுயரப் படம். அதில் முக்கால்வாசி புகார். எல்லோரும் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். பிறகு எட்ட நின்று பார்த்தார்கள்.

"அத்தான், என்ரை வீடு எங்கை?" என்று யோகன் என் காதுக்குள் கேட்டான்.

மூலையில், ஒரு புளியங்கொட்டை அளவில் இருந்தது. ரெண்டு கராஜ் வைத்த வீடு. ஐயர் போனதும் படம் பேஸ்மென்ற்றுக்கு இறங்கியது. புகார் அங்கிள் மட்டும் அதுதான் தான் வரைந்தவற்றிலேயே சிறந்தது என்று பலகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் தடுமாறத் தொடங்கினார். உடுப்புத் தோய்க்கும் அறைக் கதவுக்கு முன்னால் எலிவேற்றருக்காகக் காத்து நின்றார். தாழ்வாரத்தில் யாரோ விட்டுப்போன கோற் மாட்டுகிற தாங்கிக்குக் காலை வணக்கம் சொன்னார். வதனி கண் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் வேலை செய்கிறவள். ஒருநாள் அவரை வெளிச்சத்தில் இருத்தி, கண்ணைப் பார்த்தாள்.

"அங்கிள், உங்கடை கண்ணிலை புரை. ரெண்டிலையும். ஒப்பரேசன் செய்யாட்டிப் பார்வை போயிடும்."

அவர் மறுத்துவிட்டார். மாதக்கணக்கில் மறுத்தார். நான் சின்ன ஒப்பரேசன்தான் என்று விளக்கப் போனபோது, தூரிகையைத் துடைத்தபடி, "பிறகு எல்லாம் வேறு நிறமாகத் தெரிந்தால் நான் எதை வரைவது?" என்று கேட்டார். அந்த மனிதருக்குப் பயம் வந்து நான் பார்த்தது அன்றுதான். நான் போய் வதனியைக் கூட்டிவந்தேன்.

"ஒண்டுமே தெரியாட்டி என்னத்தைக் கீறப்போறியள்?" என்றாள் வதனி. ஒப்பரேசனுக்கு நாள் குறித்தவளும் அவள்தான்.

ஒப்பரேசனுக்கு அடுத்த நாள் கண் கட்டை அவிழ்த்தார்கள். அவர் வதனியை நெடுநேரம் பார்த்தார். "நீ இவ்வளவு வயதானவள் என்று நான் நினைக்கவே இல்லை" என்றார். கார் வீட்டுக்கு வந்து சேரும்வரை அவள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேரே தன் படங்களிடம் போனார். சுவரோரமாகச் சாத்தியிருந்த கடைசிச் சில வருடப் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். புரை விழுந்த கண்ணால் சாம்பல் என்று நினைத்து அவர் தீட்டியதெல்லாம் மஞ்சளாக இருந்தது. "இது புகார் இல்லை, தேத்தண்ணி" என்றார். கட்டிலில் போய் இருந்தார். ஒரு கிழமை கதவைத் திறக்கவில்லை. நாங்கள் வாசலில் வைத்த சாப்பாடு மட்டும் எப்படியோ உள்ளே போயிற்று.

கதவு திறந்தபோது ஆள் வேறு வேகத்தில் இருந்தார். பழைய படங்கள் முழுவதையும் திருத்தப்போவதாகச் சொன்னார். முதலில் விட்பி. நான்தான் காரில் கூட்டிப்போனேன். யோகனின் பேஸ்மென்ற்றில் படம் இருக்கவில்லை. மேலே, வரவேற்பறையில், சோபாவுக்கு மேல் தொங்கியது. எப்போது ஏறியது என்று எனக்கும் தெரியாது.

புகார் அங்கிள் வர்ணப் பெட்டியைத் திறந்தார். யோகன் குறுக்கே வந்து நின்றான்.

"அங்கிள், தொடவேண்டாம்."

"பிழையான நிறம். புகார் மஞ்சளாக இருக்காது."

"எனக்கு மஞ்சள்தான்" என்றான் யோகன். ஆங்கிலம் போதாமல் என் பக்கம் திரும்பினான். "அத்தான், நீங்களே சொல்லுங்கோ. வேலைக்குப் போகேக்கையும் இருட்டு, வரேக்கையும் இருட்டு. தெரு லைற்றுக்குக் கீழை இந்த வீட்டை நான் இப்பிடித்தான் கண்டனான். வாங்கின காலத்திலை வேறை எப்பிடியும் நான் இதைக் காணேல்லை."

நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தன் புதுக் கண்களால் படத்தைப் பார்த்தார், யோகனைப் பார்த்தார். பெட்டியை மூடினார்.

"ஓம்" என்றார்.

மற்றப் படங்களையும் அவர் திருத்தவில்லை. புதிதாக வரைந்தவை நல்ல சுத்தமான சாம்பல் நிறத்தில் இருந்தன. எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. அதை அவரிடம் நான் சொல்லவும் இல்லை.

போன வருடம், இலை உதிர்ந்து முடிகிற நேரத்தில், நித்திரையிலேயே போய்விட்டார். ஸ்கொட்லாந்திலிருந்து அவருடைய சகோதரியின் மகன் ஒருவன் வந்திருந்தான். செத்தவீட்டு மண்டபத்தில் முன்வரிசையில் அவன் தனியாக இருந்தான். பின்னால் இருந்த வரிசைகள் எல்லாம் எங்கள் ஆட்கள். அவன் ஒவ்வொருவராகக் கைகொடுத்துக்கொண்டு வந்தான். எங்களிடம் வந்து, "நீங்கள் அவருக்கு யார்?" என்று பணிவாகக் கேட்டான்.

"அயல் வீடு" என்றாள் வதனி. அவன் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனான்.

கார் வரைக்கும் வந்த பிறகு வதனி கதவைத் திறக்காமல் நின்றாள்.

"இஞ்சருங்கோ, அந்தப் பெடியனுக்கு அயல் வீடெண்டு நான் பிழையாச் சொல்லிப்போட்டன். திரும்பிப் போய்ச் சொல்லுவமே?"

இருவரும் திரும்ப உள்ளே போனோம்.