எட்டுப் போட்டேன், நிறுத்தத்தான் முடியவில்லை

உலகத்தில் எல்லா வலிக்கும் ஒரு மரியாதை உண்டு. பல் வலி என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்கூட தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு வருத்தப்படுவார். மரு வலி என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். ஆறு வருஷமாகியும் இந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

அது என் இடது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே முளைத்தது. ஆணி என்று நினைத்துத்தான் தோல் டாக்டரிடம் போனேன். "ஆணி இல்லைம்மா, மரு" என்றவர், புகை கக்கும் ஒரு குடுவையை எடுத்து அதை உறைய வைத்தார். (ஐஸ் ஒத்தடம் மாதிரி ஜில்லென்று இருக்கும் என்று நம்பி, சிரித்த முகத்தோடு காலை நீட்டினேன். என்னை நானே அறையலாம்.) அந்தச் சிரிப்பு மூன்று விநாடி நீடித்தது.

"கொப்புளம் வரும், உடைக்காதீங்க. வலிச்சா இந்தப் பாராசிட்டமால் மட்டும். ஒண்ணு போட்டா ஆறு மணி நேரம் கழிச்சுத்தான் அடுத்தது. வேற எதையும் கலக்காதீங்க. காலைத் தூக்கி வெச்சு ஓய்வா இருங்க" என்றார் டாக்டர்.

ஓய்வா? மறுநாள் காலையில் எனக்கு ஸ்கூட்டர் லைசென்ஸ் டெஸ்ட். அன்றோடு என் எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் லைசென்ஸ், காலாவதி. காளவாசல் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். திருப்பரங்குன்றத்திலிருந்து தினமும் ரெண்டு பஸ் மாறி, நசுங்கி, வியர்த்துப் போய்ச் சேருவேன். அப்பாவோ, "லைசென்ஸ் இல்லாம வண்டி கேட்டைத் தாண்டாது" என்று சொல்லிவிட்டார். இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னேனா? இல்லை. (சொன்னால் டெஸ்ட்டுக்குப் போகாதே என்பாரே!)

காலையில் நாவல்பழ சைஸுக்குக் கொப்புளம். ஆறு மணிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டேன். அது வேலை செய்வதற்குள் அம்மாவின் தம்பி, முருகேசன் மாமா, வந்து நின்றார்.

"ஒரு மருவுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்? இரு, மெடிக்கல்ல ஒரு செட்டு வாங்கிட்டு வாரேன்."

செட்டு தெரியுமல்லவா? "வலிக்குக் குடுங்கண்ணே" என்று கேட்டால், அட்டையிலிருந்து கத்தரித்து, பேப்பர் கவரில் போட்டுத் தருவார்களே, அதுதான். பேரும் இருக்காது, ஊரும் இருக்காது. வெள்ளை ஒன்று, ரோஸ் ஒன்று, பொடியாக மஞ்சள் ஒன்று.

"இதெல்லாம் என்ன மாத்திரை மாமா?"

"மாத்திரைக்கு எதுக்குடி பேரு? தொட்டில் கட்டியா போடப் போறோம்? முழுங்கு."

ஒவ்வொரு ஸ்டெப்பையும் சரிபார்க்கச் சொல்லிப் பிள்ளைகளை வதைக்கிற நான், மூன்றையும் வெறும் வயிற்றில் ஒரே மடக்கில் முழுங்கினேன்.

மாமா வண்டியை ஓட்ட, பின்னால் உட்கார்ந்து டெஸ்ட் மைதானத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தலைக்குள் பஞ்சு அடைத்துவிட்டது. தரையில் போட்டிருந்த எட்டு வடிவக் கோட்டின் மேல் வண்டி ஓட்ட வேண்டும், காலை ஊன்றினால் ஃபெயில். காலை ஊன்றவே முடியாத எனக்கு இதைவிடத் தோதான பரீட்சை உண்டா? ஓட்டினேன் பாருங்கள், அப்படி ஒரு எட்டு!

"சரிம்மா, நிறுத்துங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

நிறுத்தினால் காலை ஊன்ற வேண்டுமே! கொப்புளம் கண் முன்னால் வந்தது. இன்னொரு எட்டுப் போட்டேன்.

"நிறுத்தும்மா!"

"நிறுத்துறேன் சார்" என்று சொல்லிக்கொண்டே அவரைக் கடந்து போனேன். மூன்றாவது எட்டு. "பிரேக்கைப் பிடி புள்ள!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாமா கத்தினார். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நாலாவது எட்டின் முடிவில் இன்ஸ்பெக்டரின் பிளாஸ்டிக் மேஜையில் மோதினேன். விண்ணப்பங்கள் பறந்தன. அப்போதுதான் என் இடது கால், முழு பாரத்தோடு, தரையில் இறங்கியது. நான் போட்ட அலறலில் இன்ஸ்பெக்டரே ரெண்டடி பின்னால் போனார்.

"நாலெட்டு முப்பத்திரண்டு. நான் கேட்டது ஒரு எட்டு. உங்க மாமா சொல்றாரு, நீங்க கணக்கு டீச்சராமே?" என்றவர் ஃபெயில் போட்டார்.

உடைந்த கொப்புளத்தோடு டாக்டரிடம் ஓடினோம். "என்ன மாத்திரை போட்டீங்க?"

"வெள்ளை ஒண்ணு, ரோஸ் ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு."

"பேரைக் கேட்டா கலரைச் சொல்றீங்க! அந்த வெள்ளையும் பாராசிட்டமாலா இருந்தா? மஞ்சள் தூக்க மாத்திரையா இருந்தா? இதைப் போட்டுட்டு வண்டி வேற ஓட்டுவீங்களா?" என்று புண்ணைக் கட்டியபடியே திட்டினார். மாமா மட்டும் மும்முரமாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டு முழுக்க எனக்கு!

மறுபடி எல்.எல்.ஆர்., மறுபடி பஸ், மறுபடி நசுங்கல். நாலு மாசம் கழித்துத்தான் லைசென்ஸ் வாங்கினேன். இப்போது எங்கள் வீட்டில் பேர் தெரியாத மாத்திரை யார் வாய்க்குள்ளும் போகாது, நான் விட மாட்டேன்.

ஆனால் மாமாவின் செட்டை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களா? இல்லை. அன்று சாயங்காலம் முழுக் கதையையும் கேட்டுவிட்டு அம்மா ஒரு கேள்வி கேட்டாளே, அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

"ஏண்டி, வலது கால் நல்லாத்தானே இருந்துச்சு? அதை ஊன்றியிருக்கலாம்ல?"

சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை. எல்லாம் அந்த மாத்திரை மயக்கம் என்று இன்றுவரை தொண்டை கிழியச் சொல்கிறேன். யார் நம்புகிறார்கள்?

என் கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டு வாசலில் நிற்கிறேன். மாமியார் ஆரத்தி சுற்றிவிட்டு, பாசமாக, "வலது காலை எடுத்து வெச்சு வாம்மா" என்றார்.

பின்னால் நின்ற என் சொந்தம் மொத்தமும் குபீரென்று சிரித்தது. "நல்லாச் சொல்லுங்க தாயி, நீங்க சொல்லலைன்னா அவளுக்கு அது ஞாபகம் வராது!" என்றார் முருகேசன் மாமா.