பன்னிரண்டாவது கட்டைவிரல்

நாட்டு மக்கள் பழைய ரொட்டி தின்று கெட்டுப்போகிறார்கள் என்று மேலிடத்தில் யாருக்கோ திடீரென்று விசனம் வந்துவிட்டது. அடுத்த வாரமே வீட்டு ரொட்டிப் புதுமை உறுதிப்பாட்டுத் துறை உதயமாயிற்று. விதி ரொம்ப எளிது. கட்டைவிரலால் ரொட்டியை அமுக்க வேண்டும். ஐந்து நொடியில் பள்ளம் எழும்பினால் புதுசு. எழும்பாவிட்டால் பழசு, அந்த வீட்டின் ரொட்டி அட்டை ஒரு மாதம் முடக்கம். அட்டை இல்லாதவனுக்கு எந்த பேக்கரியும் ரொட்டி தராது.

எங்கள் வீட்டில் இது விளையாட்டு விஷயமில்லை. போன வாரம்தான் அப்பாவின் மிச்சப் பற்களையும் பிடுங்கியிருந்தார்கள். பாலில் நனைத்த மெத்தென்ற ரொட்டி, அதை விட்டால் மனுஷருக்கு ஆகாரமே இல்லை. என் மனைவி தினமும் காலையில் ரொட்டி வாங்கி, சூடு ஆறவிட்டு, துணியில் சுற்றித் தகர டப்பாவில் மூடி வைப்பாள்.

ஆய்வாளர் பத்து மணிக்கு வந்தார்.

“ரொட்டியை எங்கம்மா வைக்கறீங்க?”

“டப்பாவுல. பிரிட்ஜ்ல வச்சா வறண்டு போயிடும் சார்.”

“படிவத்துல பிரிட்ஜ்னு ஒரு கட்டம்தான் இருக்கு” என்று வருத்தப்பட்டு, டப்பாவை பிரிட்ஜ் என்றே எழுதிக்கொண்டார். பிறகு ரொட்டியை அமுக்கினார். இரண்டே நொடியில் பொம்மென்று எழும்பியது.

“அடடா, பிரமாதம்! ஆனா மேலதிகாரி பார்த்து உறுதி செய்யணும்.”

மேலதிகாரி வந்தார். அதே இடத்தில்தான் அமுக்க வேண்டுமாம். இடம் மாறினால் வேறு ரொட்டி என்று கணக்காம். அவருக்கு மேல் ஒருவர், அவருக்கும் மேல் ஒருவர் என்று வாசலில் ஜீப் வந்தபடி இருந்தது. மதியத்துக்குள் பதினோரு கட்டைவிரல்கள் இறங்கி ஏறின. பன்னிரண்டாவதாக இயக்குநரே வந்து, கண்ணை மூடிக்கொண்டு, பக்தியோடு அமுக்கினார். பள்ளம் அப்படியே கிடந்தது.

“பழசு!” என்றார் இயக்குநர்.

என் மனைவிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “காலையில வாங்கினது சார்! பன்னிரண்டு பேர் மாத்தி மாத்தி அமுக்கினா நான்கூடத்தான் எழுந்திருக்க மாட்டேன்!”

“அரசாங்க விரலைக் குறை சொல்றீங்களா?”

அப்பா பொறுக்கமாட்டாமல் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். “பஞ்சு மாதிரி இருக்குய்யா!”

இயக்குநர் அவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். “பல் இல்லாத சாட்சி செல்லாது” என்று சொல்லி அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்பா வெறும் பாலைக் குடித்தே இளைத்துப்போனார். தெருவில் யார் வீட்டிலும் அட்டை மிஞ்சவில்லை. எல்லோரும் திரண்டு துறை வாசலில் மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தினோம். நான்தான் முன்வரிசை. கடைசியில் துறை இறங்கி வந்தது: இனி வீட்டுக்கு வரமாட்டார்கள், பேக்கரியிலேயே ஒரு அதிகாரி, ஒரே ஒரு அமுக்கு. எழும்புகிறதா என்று பார்க்க மாட்டார்கள், அந்தப் பள்ளமே அத்தாட்சி. அட்டைகளும் திரும்பி வந்தன.

மறுநாள் காலையில் பேக்கரிக்கு ஓடினேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய ரொட்டிகளை வரிசையாக அடுக்கியிருந்தார் பேக்கரிக்காரர். வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. ஒருத்தரும் தொடவில்லை.

“அதிகாரி இன்னும் வரலை. பள்ளம் விழுந்தது வேணும்னா நேத்து சாயங்காலம் அவர் அமுக்கிட்டுப் போன ரொட்டிதான் இருக்கு. சும்மா சுடச்சுட இதை எடுத்துட்டுப் போங்களேன்” என்றார்.

“அத்தாட்சி இல்லாததை மனுஷன் தின்பானா?” என்று கூட்டம் சிரித்தது. நேற்று ரொட்டிக்கு அடிதடி. முண்டியடித்து நானும் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

அப்பா அதைப் பாலில் போட்டுக் கால்மணி நேரம் ஊறவைத்தார். வாயில் வைத்தவர் முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

“கல்லு மாதிரி இருக்குடா!”

எனக்கு வந்ததே கோபம். “ஏம்ப்பா, அரசாங்கமே ஒத்துக்கிட்ட ரொட்டி. உங்க ஈறு மட்டும் ஒத்துக்காதா?”