கவுன்சலிங் போன இடத்தில் கனடா

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். விதைநெல் வாங்கினால் ஒரு கைப்பிடி முளைக்கவைத்துப் பார்க்கிறோம். மனசைத் திறந்து கொட்டப்போகிற ஆளிடம் மட்டும் ஒரு வார்த்தை விசாரிக்காமல் போய் உட்கார்ந்துவிடுகிறோம். ‘றோம்’ என்று ஊரையே சேர்த்துக்கொள்வது தப்பு. போய் உட்கார்ந்தவன் நான்.

அப்போது ஒரத்தநாட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி, மீதிப்பேர் சிங்கப்பூர், துபாய். எனக்கோ கரும்பலகை முன்னால் நின்றாலே நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை வியர்க்கும், மூச்சு முட்டும். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர், “ஹார்ட் நல்லா இருக்கு தம்பி. கவுன்சலிங் போங்க” என்றார்.

வீட்டில் மூச்சுவிடவில்லை. தஞ்சாவூர் போய் அலைந்தபோது ஒரு மாடியில் போர்டு தெரிந்தது: ‘கவுன்சலிங் சென்டர். உங்கள் எதிர்காலம் எங்கள் பொறுப்பு.’ கீழே சின்ன எழுத்தில் இன்னும் ஏதோ இருந்தது. படிக்கவில்லை. (படித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

உள்ளே ஏ.சி. டை கட்டிய ஒருவர். மேசைமேல் உலக உருண்டை. மனசின் சுழற்சியைக் குறிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

“எவ்வளவு நாளா யோசிச்சிக்கிட்டிருக்கீங்க சார்?”

“ஆறேழு மாசமா சார். முடியல.”

“வீட்ல தெரியுமா?”

“தெரியாது.”

“பரவால்ல. நிறையப் பேரு வீட்ல சொல்லாமத்தான் இங்க வர்றாங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன ஒரு புரிதல்!

“இங்க இருக்கவே பிடிக்கலையோ?”

“மூச்சு முட்டுது சார். எங்கயாவது தூரமாப் போயிடலாம்னு தோணுது.”

அவர் முகம் மலர்ந்தது. “குளிர் தாங்குவீங்களா?”

தலையில் பச்சைத்தண்ணீர் ஊற்றும் வைத்தியம் என்று முடிவுகட்டி, “தாங்கிக்குவேன் சார்” என்றேன்.

“அருமை. பாஸ்போர்ட் இருக்கா?”

அப்போதுதான் அவர் பின்னால் சுவரில் இருந்த கொடிகளும், பனியில் நின்று சிரிக்கும் மாணவர்களின் படங்களும் கண்ணில் பட்டன. வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்புகிற கவுன்சலிங்!

‘தப்பா வந்துட்டேன் சார்’ என்று எழுந்திருக்கலாம். வெட்கம் விடவில்லை. “யோசிச்சுச் சொல்றேன்” என்று சொல்லி, அவர் கேட்ட விவரமெல்லாம் கொடுத்துவிட்டு, வீட்டு போன் நம்பரையும் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

சனிக்கிழமை நான் இல்லாத நேரத்தில் போன் வந்திருக்கிறது. எடுத்தது அப்பா. “உங்க பையன் கனடா போக ரொம்ப ஆர்வமா இருக்காரு.” அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகச் சர்ச்சுக்கு, பங்குச் சாமியாரிடம் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மன்றாட்டு நேரம். “மேற்படிப்புக்காகக் கனடா செல்லும் நம் சகோதரர் அருளுக்காக...” ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று மற்றவர்களோடு சேர்ந்து நானும் சொன்னேன். வேறென்ன சொல்ல?

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் அப்பாவை ஒதுக்கி அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சுப் படபடப்பு, டாக்டர், டை கட்டியவர், எல்லாம்.

அப்பா கேட்டார்: “ஏண்டா என்கிட்ட சொல்லல?”

“பைத்தியம்னு நினைச்சிடுவீங்கன்னு...”

“குறுவை கருகுன வருஷம் எனக்கும் இதே மாதிரிதான்டா இருந்துச்சு. வாய்க்காப் பக்கம் போனாலே நெஞ்சு அடிக்கும். யார்கிட்டப் போயி சொல்றதுன்னு தெரியல.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீயாவது போயி சொல்லு. அக்காவைக் கேளு, அவளுக்குத் தெரியும்.”

அக்கா திருச்சியில் நர்ஸ். ஒரு உளவியல் நிபுணரைக் கண்டுபிடித்து, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே போனில் விசாரணை நடத்தினாள்.

“நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க? இந்த மாதிரி படபடப்புக்குப் பாத்திருக்கீங்களா? ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம், என்ன ஃபீஸ்? இவன் பேசுறது வெளியில போகாதே? எங்க வீட்ல யாராவது கேட்டாலும்? மாத்திரை வேணும்னா யார்கிட்ட அனுப்புவீங்க? ஒத்துவரலன்னா பாதியில நிறுத்திக்கலாமா?” மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாக ஒன்று: “அப்புறம், நீங்க யாரையும் வெளிநாடு அனுப்ப மாட்டீங்களே?”

மறுமுனையில் அந்த அம்மா சிரித்தது எனக்கே கேட்டது. பயம் பாதி அப்போதே போய்விட்டது. மீதியை அவர் பல மாதம் பொறுமையாகக் கேட்டுக் கரைத்தார். கரும்பலகை முன்னால் இன்றும் நிற்கிறேன்.

ஆனால் மன்றாட்டை யாரால் திரும்பப் பெற முடியும்? நான் போகவில்லை என்று சொன்னதை ஊர் நம்பவில்லை. போய்த் திரும்பிவிட்டேன் என்றே முடிவுகட்டியது. பிறகு என் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன வீடுகளில் ‘கனடா அருள்’ என்றால்தான் கதவு திறந்தது. போன வருடம் என் மகள் நிஜமாகவே அங்கே படிக்கக் கிளம்பினாள். வழியனுப்ப வந்த பெரியவர் ஒருவர் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்.

“பயப்படாத தாயி. அப்பா அங்க இருந்தவருதானே, அவரு பேரைச் சொல்லு, எல்லாரும் நல்லாப் பாத்துக்குவாங்க.”