வாய் திறக்காத மட்டிகளின் நாடு

உப்பங்கழி நாடு என்று ஒரு நாடு. அது எந்தக் கடற்கரையில் இருக்கிறது என்று தேட வேண்டாம். தேடிப் போனவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். அங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்த மறுநாளிலிருந்து ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று யோசிப்பார்கள். மற்றபடி நல்ல நாடு.

ஏழைகளுக்கு அங்கே மட்டிதான் சோறு. கழிச்சேற்றில் புதைந்து கிடக்கும் மட்டிச் சிப்பியைப் பெண்கள் கையால் துழாவி எடுப்பார்கள். பாதியை விற்பார்கள், பாதியை வேகவைத்துத் தின்பார்கள். கடலாயி என்பவள் வீட்டில் இருபது வருஷமாக அப்படித்தான் அடுப்பெரிந்தது. அவள் புருஷன் சங்கையாவுக்கு ஒரு சட்டி மட்டியும் கொஞ்சம் கஞ்சியும் இருந்தால் போதும், வேறு குறை கிடையாது.

குறை மன்னர் செம்மலாருக்குத்தான் இருந்தது. பக்கத்து நாட்டு அரண்மனையில் நூறு கழிவறை என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆயிரம் கழிவறை மண்டபம் ஒன்றைக் கட்டினார். பளிங்குத் தரை, கதவுக்குக் கதவு அவர் படம். திறப்பு விழா மட்டும் மூன்று நாள். கழிவெல்லாம் எங்கே போகும் என்று ஒரு கொத்தனார் கேட்டாராம். பெரிய காரியம் நடக்கும்போது சின்னக் கேள்வி கேட்கக் கூடாது என்று அவரை அடக்கிவிட்டு, ஒரு குழாயைக் கொண்டுபோய்க் கழியில் விட்டார்கள். நேராக மட்டிப் படுகையில்.

ஒரே மாதத்தில் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியது. சங்கையா மூன்று முறை படுத்து மூன்று முறை எழுந்தான். நான்காவது முறை வந்தால் தாங்குவதற்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை என்று அரண்மனை வைத்தியர் சொல்லிவிட்டார். மட்டியை விட்டுவிடலாமே என்றால், விட்டுவிட்டு எதைத் தின்பது? கடலாயிக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. நான்காவது முறை வருவதற்குள் அந்தக் குழாயை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும்.

வைத்தியர் நல்ல மனுஷர். அதாவது பிழைக்கத் தெரியாதவர். சபைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். மட்டி நாள் முழுக்கத் தண்ணீரை இழுத்து வடிகட்டுகிற பிராணி, தண்ணீரில் உள்ள கிருமியெல்லாம் அதன் உடம்பில் சேர்ந்துவிடும், அரைவேக்காட்டில் தின்றால் பேதியும் காய்ச்சலும் வரும், சிலருக்கு உயிரே போகும் என்றார். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றையும் நீட்டினார்.

நீர்வளத்துக்கும் நலவாழ்வுக்கும் சேர்த்து அமைச்சராக இருந்தவர் பூங்குன்றனார். அவர் கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இவர்கள் எப்போது நம் நாட்டுக்குள் வந்தார்கள்?" என்றார்.

"யார், ஐயா?"

"இந்தக் கிருமிகள்தான். நுழைவு அனுமதி வாங்கியிருக்கிறார்களா?"

வாங்கவில்லை என்று வைத்தியர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்று மாலையே முரசு அறைந்தார்கள். கிருமிகள் அனைவரும் முப்பது நாளுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். எல்லை நெடுகக் காவலர்களை நிறுத்தினார்கள். கிருமி எதுவும் உள்ளே வந்ததை அவர்கள் பார்க்கவில்லை, ஆகவே எல்லை பத்திரமாக இருக்கிறது என்று அறிக்கை வந்தது. காவலர் சாப்பாட்டுக்கென்று பெண்கள் எடுக்கிற மட்டியில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். பத்தாம் நாள் எல்லையில் ஒரு காவலரும் நிற்கவில்லை. எல்லாரும் புதர்ப் பக்கம் இருந்தார்கள்.

அடுத்த ஆணை இதைவிட அழகு. மட்டி சமைப்பதைப் பார்வையிட அமைச்சரே பரிவாரத்தோடு கடலாயி வீட்டுக்கு வந்தார். உலை கொதித்தது. மட்டிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. திறக்காமல் கிடந்த நாலைந்தை அவள் பொறுக்கி வெளியே எறிந்தாள். ஏன் எறிகிறாய் என்று அமைச்சர் கேட்டார்.

"வெந்தும் வாய் திறக்கலன்னா அது முன்னமே செத்த மட்டி ஐயா. தின்னா ஆளைக் கொன்னுடும்."

அந்த நாட்டில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் அமைச்சருக்குத் தெரிந்தது வேறு. வாயைத் திறப்பதால்தானே மட்டிக்குள் அழுக்கு போகிறது? கொதிக்கிற உலையிலும் வாய் திறக்காமல் இருக்கிறதே, என்ன கட்டுப்பாடு, என்ன நாட்டுப்பற்று! அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மறுநாள் ஆணை வந்தது: வாய் திறந்த மட்டி ஐயத்துக்குரியது, அதை அழிக்க வேண்டும், வாய் திறவா மட்டியே நற்குடி மட்டி, அதையே கத்தியால் நெம்பித் திறந்து உண்ண வேண்டும். முன்பு ஒரு மாதத்தில் விழுந்த அளவு ஆட்கள் இப்போது ஒரு வாரத்தில் விழுந்தார்கள். கடலாயி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு ஆணையை மீறினாள். சங்கையா உயிரோடு இருந்தது அந்தக் குற்றத்தால்தான்.

இதற்குள் தேர்தல் வந்தது. எதிர்த்து நின்றவர் திரையனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கி, நாறுகிற குழாயின் பக்கத்தில் நின்று கடலாயியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, நான் வந்த அன்னிக்கே இந்தக் குழாய் இருக்காது. இது சத்தியம்" என்று அழுதார். நிஜமாகவே அழுதார், நாற்றம் அப்படி. கடலாயியும் அழுதாள்.

செம்மலார் சும்மா இருப்பாரா? நோயாளிகள் வரிசையில் நின்றால் நோய் பரவும், ஆகவே நலச்சான்று கொடுப்பவர்களுக்கே ஓட்டு என்று ஆணை போட்டார். 'எனக்கும் என் வீட்டாருக்கும் இதுவரை எந்த வயிற்றுக் கோளாறும் இல்லை' என்று எழுதிக் கைநாட்டு வைக்க வேண்டும். கடலாயி தயங்கினாள். திரையனாரே மைக்கூட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தார். ஒரு பொய்தானே அக்கா, நல்லது நடக்கத்தானே சொல்கிறோம் என்றார். பதினோராயிரம் பேர் கைநாட்டு வைத்தார்கள். சிலர் பாதியில் கொல்லைப்பக்கம் ஓடிப் போய்விட்டு வந்து மீதியை வைத்தார்கள்.

செம்மலார் மண்ணைக் கவ்வினார். ஊரெல்லாம் வெடி வெடித்தது. கடலாயி அன்றிரவு குழாயைப் பார்த்து, உனக்கு நாள் குறிச்சாச்சு என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு மாதம் போயிற்று. இரண்டு மாதம் போயிற்று. குழாய் அங்கேயே இருந்தது. ஒரு நாள் விடியும்போது சங்கையா நான்காவது முறையாக விழுந்தான். கடலாயிக்கு அழக்கூட நேரமில்லை. அவனைக் கைவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு அரண்மனைக்கு ஓடினாள். வாசலில் அவனுக்கும் ஒரு மனு எண் கொடுத்து வெளியே கிடக்கச் சொன்னார்கள். அவளை உள்ளே விட்டார்கள்.

சிம்மாசனத்தில் திரையனார் இருந்தார். பக்கத்தில் அதே பூங்குன்றனார். அவர் கட்சி மாறியிருந்தார், இடம் மாறவில்லை. கடலாயி குழாயைப் பற்றிச் சொன்னதும் அவர் நலச்சான்றுகளின் பெரிய கட்டு ஒன்றை எடுத்து அவிழ்த்தார்.

"குடிமகளே," என்றார் மன்னர். "பதினோராயிரம் பேர் நோயில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். மக்களின் எழுத்தை மீற எனக்கு அதிகாரமில்லை."

அது உங்களுக்கு ஓட்டுப் போடுவதற்காக வைத்த கைநாட்டு என்று அவள் சொன்னாள்.

பூங்குன்றனார் தொண்டையைச் செருமினார். "அப்படியானால் சான்று பொய். சான்று பொய்யென்றால் ஓட்டு செல்லாது. ஓட்டு செல்லாதென்றால் செம்மலார் நாளைக் காலையே திரும்பி வருவார். அதைத்தான் நீ விரும்புகிறாயா? ஆம், இல்லை என்று சொல்."

கடலாயி வாசலில் கிடந்த கைவண்டியைப் பார்த்தாள். அவளுக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம்.

"பொய்தான் மகராசா. நீங்க மைக்கூட்டைப் பிடிச்சீங்க, நான் பொய் சொன்னேன். இப்ப நீங்க உக்காந்திருக்கிறது அந்தப் பொய் மேலதான்."

மன்னர் திடுக்கிட்டு எழுந்தார். திரும்பிச் சிம்மாசனத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். கையால் தட்டிப் பார்த்தார். உறுதியாகத்தான் இருந்தது. மறுபடியும் அதிலேயே உட்கார்ந்துகொண்டு, அடுத்த மனுவைக் கூப்பிடச் சொன்னார்.

அடுத்த மனு சங்கையாவுடையது. மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கைவண்டியிலிருந்து யாரும் எழுந்து வரவில்லை. மனுதாரருக்குக் குறை ஒன்றுமில்லை என்று பூங்குன்றனார் எழுதிக்கொண்டார்.