சக்களத்திக்கு மாலை

பொறாமைப்படுவதில் எங்கள் குச்சியக்காவை மிஞ்சிய ஒரு ஜீவன் மலையகத்தில் கந்தப்பளையிலிருந்து அக்கரப்பத்தனை வரைக்கும் கிடையாது. இதை நான் பொறுப்போடுதான் சொல்கிறேன். எதையும் இரண்டு முறை சரிபார்த்து நாள் கிழமையோடு குறித்துவைக்கிறவன் நான். எந்த வருடத் திருவிழாவில் தேர் சேற்றில் புதைந்தது, எந்த மாதம் மலைத் தண்ணீர் கொட்டும் பீலி வற்றியது என்று தோட்டத்தில் தகராறு வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே எனக்கு எழுத்து வேலை. அக்காவுக்கு, காய்ந்த தூளில் கலந்து கிடக்கும் குச்சிகளைக் கையால் பொறுக்கியெடுக்கும் வேலை. பெயர் அப்படி வந்ததுதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

அவருக்கு மனிதர்கள் மேல் மட்டும்தான் பொறாமை என்று நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை எல்லோருமாக இறம்பொடை அனுமார் கோயிலுக்குப் போனோம். வழியில் அருவியை வெள்ளைக்காரர்கள் சுற்றி நின்று படம் பிடித்தார்கள். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "நம்ம லயத்துப் பீலியும் மேலேருந்துதான் கீழ விழுது. அத ஒருத்தன் திரும்பிப் பாக்குறானா?" என்றவர், அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இன்னொரு முறை, பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் ஒரு பெரியவர் இறந்து, சுற்றுவட்டாரத் தோட்டத்துச் சனமெல்லாம் திரண்டுவிட்டது. அக்கா பெட்டிக்குள் இருந்தவரை முறைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு இவ்வளவு கூட்டம் வருமா தம்பி?" என்று என் காதில் கேட்டார். வரும் என்று நான் சத்தியம் செய்த பிறகுதான் அழவே தொடங்கினார்.

இப்படிப்பட்டவருக்கு எதிரில்தான், ஓர் அடைமழைக் காலத்தில், அந்த இயந்திரம் வந்து இறங்கியது. இரண்டு அலுமாரி உயரம். மேலிருந்து தூளைக் கொட்டினால், உள்ளேயிருக்கும் கமராக்கள் ஒவ்வொரு துணுக்கையும் பார்த்து, எது தூள், எது குச்சி என்று தாமே முடிவு செய்யும். குச்சியை மட்டும் காற்று ஊதி வெளியே தள்ளிவிடும். இது செயற்கை நுண்ணறிவு, போகப் போக இன்னும் கற்றுக்கொள்ளும் என்றார் கொழும்பிலிருந்து வந்த இன்ஜினியர்.

"யாருகிட்ட கத்துக்கும்?" என்றார் அக்கா.

தானாகவே என்றார் அவர். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் அக்காவுக்கு முதல் அடி. அன்று சாயங்காலத்துக்குள் இயந்திரத்துக்குச் சக்களத்தி என்று பெயர் விழுந்துவிட்டது.

குச்சி பொறுக்கிய மற்றப் பெண்கள் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனார்கள். அக்காவின் முழங்கால் மலை ஏறாது. ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் இளகிய மனதுக்காரர். யோசித்து யோசித்து அவருக்கு ஒரு வேலை கண்டுபிடித்தார். இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைக்கும் வேலை.

"வீட்டையும் குடுத்துட்டு, வந்தவளுக்கு மூஞ்சியும் கழுவி விடணுமா?" என்று அக்கா பொருமினார். ஆனால் துடைத்தார். திட்டிக்கொண்டே பளிங்குபோலத் துடைத்தார். மின்சாரம் போய் இயந்திரம் நின்றுபோன ஒரு நாள், ஸ்டோர் முழுவதற்கும் டொபி மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

அந்த டொபியைத் தின்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். கொஞ்ச நாளில், நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதும் மாத அறிக்கையை, நான் ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஆபீஸ் கம்ப்யூட்டர் எழுதி முடித்தது. ஒரு பிழையாவது இருக்காதா என்று பொழுது சாயும்வரை தேடினேன். இல்லை. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப தெரியுதா தம்பி, வயிறு எந்த எடத்துல எரியும்னு?"

சரஸ்வதி பூசைக்கு முந்தின வாரம், கண்ணாடியைத் தானே துடைத்துக்கொள்ளும் தூரிகை ஒன்றும் வந்து சேர்ந்தது. பூசைக்குப் பிறகு அக்கா வரவேண்டியதில்லை என்று டீமேக்கர் என்னிடம் சொன்னார். அக்காவிடம் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஆனால் ஸ்டோரில் ரகசியம் எங்கே தங்கும்? மத்தியானத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

பூசையன்று வழக்கம்போல அவரவர் தங்கள் சாமான்களைப் பலகையில் வைத்தோம். இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டரின் ஸ்பானர், தோட்டக்காரரின் கத்தி, என் பேனா. இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், தரையைத் தொடும் செவ்வந்தி மாலை. அக்கா அந்த மாலையை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்த்தார். பிறகு பலகைக்கு முன்னால் வந்து சம்மணம் போட்டு, ஸ்பானருக்கும் என் பேனாவுக்கும் நடுவில் தன் இரண்டு கைகளையும் வைத்தார்.

சந்தனக் கிண்ணத்தோடு வந்த பூசாரி திகைத்து நின்றார். "என்னக்கா இது?"

"ஸ்பானர் வச்சவன கேட்டீங்களா? என் வேலைக்கு இதுதாங்க சாமான்."

பூசாரி டீமேக்கரைப் பார்த்தார். டீமேக்கர் கூரையைப் பார்த்தார். கைகளுக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பூவும் வைத்தாகிவிட்டது.

பூசையில் வைத்ததை அன்றைக்கு யாரும் வேலைக்கு எடுக்கக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்றுதான் எடுக்க வேண்டும். அக்கா இதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு எதையும் தொட மறுத்துவிட்டார். கடலையை நான் ஊட்டினேன். தேநீரை டீமேக்கரே வாயருகில் பிடிக்க வேண்டியதாயிற்று. "கொஞ்சம் ஆத்திக் குடுங்கய்யா" என்று உத்தரவு வேறு. அன்று ஸ்டோரே அவர் மேல் பொறாமைப்பட்டது. தன் மனைவிகூடத் தனக்கு ஊட்டியதில்லை என்று பிட்டர் புலம்பினார்.

கடைசி மிடறு இறங்கியதும் அக்கா நிதானமாகச் சொன்னார்: "நாளைக்கு ஸ்பானர எடுப்பீங்க, பேனாவ எடுப்பீங்க. பூச வச்ச என் கைய மட்டும் எடுக்காம விட்டா, தோசம் எனக்கில்லைங்கய்யா, ஸ்டோருக்குத்தான்."

டீமேக்கர் காலிக் கோப்பையோடு எழுந்து போனார். மறுநாள் காலையில் ஜன்னலோரத்துப் பழைய பெஞ்சில், ஒரு தட்டுத் தூளை அக்காவின் முன் வைத்தார். இயந்திரம் சலித்து முடித்த தூள். அக்கா கிளறினார், பரப்பினார், மறுபடி கிளறினார். ஒரு குச்சி அகப்படவில்லை. "ஒண்ணு கூட மிச்சம் வைக்கலியே பாவி" என்று சக்களத்தியைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் டீமேக்கர், இயந்திரம் ஊதித் தள்ளிய குச்சியில் ஒரு பிடி அள்ளிவந்து தட்டில் தூவிவிட்டு நழுவினார். அக்கா குனிந்து பொறுக்கத் தொடங்கினார். "பாருங்கய்யா, உங்க ஆளுக்குக் கண்ணு பத்தல" என்று ஸ்டோர் முழுவதும் கேட்கச் சொன்னார். பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

"அவரு போட்டதுதான் தம்பி, பாத்தேன். ஆனா அவளுக்கு யாராச்சும் இப்படிப் போடுவாங்களா?"

தட்டு முடிந்ததும் கையைத் தட்டிவிட்டு எழுந்து போனவர்தான், பிறகு ஸ்டோர் பக்கம் வரவேயில்லை. இப்போது அக்கரப்பத்தனையில் மகளோடு இருக்கிறார். சரஸ்வதி பூசையன்று சாயங்காலம் தவறாமல் போன் வரும். என் சுகத்தை விசாரிப்பதெல்லாம் இல்லை.

"அவளுக்கு மாலை போட்டாங்களா?"

வருடத்துக்கு வருடம் மாலை பெரிதாகிக்கொண்டுதான் போகிறது. நானோ எதையும் இரண்டு முறை சரிபார்த்துச் சொல்கிறவன்.

"இல்லக்கா. இந்த வருசமும் மறந்துட்டாங்க."