உலகத்துக்கே ஓலை வாசித்த கதை

பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள் என்பது பொதுவான குற்றச்சாட்டு. நான் கூட்டிச் சொன்னவள். அதுவும் ஒன்றிரண்டு இல்லை, ஒரே அடியாக முப்பது வருஷம். என் வயதில் நான் சொன்ன ஒரே பொய் அது, சொன்னதும் ஒரு கம்ப்யூட்டரிடம். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

தொண்ணூறுகள் முடியப் போகிற நேரம். கேரளத்தின் தென்கோடியில், உதியன்குளங்கரை ஜங்ஷனில் அப்பா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினார். வாரத்தில் ஆறு நாள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விரல் பழக்குவார், ஞாயிற்றுக்கிழமை சபையில் ஓய்வுநாள் பள்ளி எடுப்பார். ("பிள்ளேளே, கர்த்தருக்க முன்ன பொய் சொல்லப்பிடாது" என்பது வருஷம் முழுக்க ஓடும் பாடம்.) இரண்டு வகுப்பிலும் நான்தான் முதல். பத்து வயதிலேயே விசையைப் பார்க்காமல் இங்கிலீஷ் அடிப்பேன். அந்தத் திமிர் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

ஷீலா அக்காவுக்கு அப்போது இருபத்தாறு. மூன்று சம்பந்தம் வந்து தட்டிப் போயிருந்தது. நாலாவதாகக் குன்னத்துகாலில் இருந்து ஒரு வரன். மாப்பிள்ளை பெயர் சாம், கல்ஃபில் ஆபீஸ் வேலை. இருபத்துநாலுக்கு மேல் பெண் வேண்டாம் என்று அவர் வீட்டில் சொன்னார்களாம். தரகர் கண்ணைக்கூட இமைக்காமல் இருபத்துமூன்று என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அப்பா அதைத் திருத்தவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சபையில் பெண் மாப்பிள்ளை பெயரைச் சொல்லி 'ஓலை' வாசிப்பார்கள், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் வயது வெளியே வந்துவிடாதா என்று அம்மா பயந்தாள். அப்போது பார்த்துக்கொள்ளலாம், அதுவரை இது நம் நாலு பேருக்குள் நிற்கட்டும் என்றார் அப்பா. அந்த நாலு பேரில் ஒருத்தி நான்.

எனக்கு இந்தக் கல்யாணம் நடந்தே ஆக வேண்டும். அக்கா மேல் பாசம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், அவள் போனால் ஜன்னலோரக் கட்டில் எனக்கு.

பெரியம்மாவின் மகன் ஸ்டான்லி அண்ணன் நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தான். விடுமுறையில் ஒரு நாள் என்னைக் கூட்டிப்போய் இன்டர்நெட் முன்னால் உட்கார்த்திவிட்டு, பிரிண்டரைக் கழற்றப் போய்விட்டான். என் பையில் சபைக் கன்வென்ஷன் கூட்டத்தில் கொடுத்த ஒரு துண்டுப் பிரசுரம் இருந்தது. அதில் ஒரு வெப்சைட் விலாசம். உங்கள் விண்ணப்பத்தை எழுதுங்கள், உலகமெங்கும் ஜெபிப்பார்கள்.

பெயர் கேட்டது, அடித்தேன். வயது கேட்டது, பன்னிரண்டு என்று அடித்தேன். பதிமூன்று ஆகாத பிள்ளைகள் பெற்றோரின் அனுமதி இல்லாமல் விவரம் தர முடியாது, வீட்டில் பெரியவர்களைக் கூட்டி வா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டது. எனக்கு வந்த கோபம்! சிறு பிள்ளைகளை என்னிடம் வர விடுங்கள் என்று கர்த்தரே சொல்லியிருக்கிறார், நடுவில் இது யார்? பின்னால் போய், அம்மாவின் வயதான நாற்பத்திரண்டைப் போட்டேன். கதவு திறந்தது. (இவ்வளவு லேசாக ஏமாறும் என்று நினைக்கவே இல்லை.)

எங்கள் சபையில் ஜெபச்சீட்டு எழுத ஒரு முறை உண்டு. சும்மா 'பீனாவுக்காக' என்று எழுதினால் மூப்பர் நிமிர்ந்து பார்த்து, எந்த பீனா என்று கேட்பார். என்னையும் சேர்த்துச் சபையில் நாலு பீனா. வீட்டுப் பெயர், அப்பன் பெயர், காரியம், எல்லாம் விவரமாக இருக்க வேண்டும். நானும் அப்படியே இங்கிலீஷில் எழுதினேன். வீட்டுப் பெயர், ஜங்ஷனில் இருந்து வரும் வழி, அப்பாவின் இன்ஸ்டிடியூட், பக்கத்து வீட்டு ஓமனச்சேச்சியின் டெலிபோன் நம்பர், மாப்பிள்ளை பெயர், அவர் ஊர், அவர் வேலை பார்க்கும் நாடு. அதற்குக் கீழே: 'அக்காவுக்கு இருபத்தாறு வயது, இருபத்துமூன்று என்று சொல்லியிருக்கிறோம், கர்த்தர் அந்தப் பொய்யை மன்னித்துக் கல்யாணத்தை நடத்தித் தர வேண்டும்.' ஜெபத்தில் பொய் சொல்லக் கூடாதே! பக்கத்தில் இடம் மிச்சம் இருந்ததால் அப்பாவின் மூலக்கடுப்பையும் சேர்த்தேன். இதை மற்றவர்களோடு பகிரலாமா என்று கேட்டது. தாராளமாக என்று ஒரு அமுக்கு.

பத்து நாளில் ஓமனச்சேச்சி வீட்டுப் போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் ஏதோ தூர தேசத்து அம்மாள், அப்பாவுக்கு மூலம் எப்படி இருக்கிறது என்று இங்கிலீஷில் விசாரித்தாள். அப்பா போனைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அடுத்தது ஒரு ஆண் குரல். இருபத்தாறு வயதுப் பெண்ணிடம் பேச வேண்டும், அந்தக் கல்ஃப்காரன் மாட்டேன் என்றால் தான் இருப்பதாகச் சொன்னான். உங்கள் வீடு ஜங்ஷனில் இருந்து உள்ளே திரும்பி நாலாவதுதானே, சாயங்காலம் அப்பா இன்ஸ்டிடியூட்டில் இருப்பார் அல்லவா என்று அவனே சொன்னதும் அப்பாவின் முகத்தில் ரத்தம் இல்லை. அன்று ராத்திரி முதல்தடவையாகப் பின்கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் போட்டோம். எப்படித் தெரிந்தது, யார் சொன்னது என்று வீடே குழம்பியது. எனக்குப் புரிந்துவிட்டது. போர்வையைத் தலைவரை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் மறுபடி போன். மாப்பிள்ளை சாம். கல்ஃபில் நம் பக்கத்து ஆட்கள் வெள்ளிக்கிழமை தோறும் ஜெபக்கூட்டம் நடத்துவார்கள். யாரோ ஊர்ப் பெயரைப் பார்த்து எங்கள் விண்ணப்பத்தை அச்செடுத்து வந்து, சபை நடுவில் சத்தமாக வாசித்திருக்கிறார். சாம் முன்வரிசையில் இருந்திருக்கிறார். தன் பெயரைத் தானே கேட்டிருக்கிறார். தாளில் எழுதியவர் பீனா, வயது நாற்பத்திரண்டு என்று இருந்ததாம்; இப்போது அந்த 'பீனா அக்கா'விடம் பேச வேண்டுமாம்.

போனை வாங்கினேன். சுற்றி அப்பா, அம்மா, அக்கா, ஓமனச்சேச்சி. 'அக்காவுக்கு வயசு நாப்பத்திரண்டா?' என்று கேட்டார். அப்பாவைப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது என்று கற்றுக் கொடுத்தவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு என்றேன்.

அவர் கேட்டார்: "உங்க வீட்டில சொன்ன வயசு உள்ள ஆளு யாராவது உண்டா?"

அக்கா என் கையில் இருந்து போனைப் பிடுங்கினாள். அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தனக்கு இருபத்தாறு என்றும், மறைத்தது தப்பு என்றும் நேராகச் சொல்லிவிட்டு வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் அடி விழும் என்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன். அவள் அடிக்கவில்லை. "ஜெபிச்சது சரி. எனக்க வயச ஊருக்குச் சொல்ல நீ யாருட்டீ?" என்று மட்டும் கேட்டாள். அவள் என்னோடு பேச ஒன்றரை மாதம் ஆனது. ஜன்னலோரக் கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்த அவளைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் கட்டிலே எனக்கு வேண்டாம் என்று அழுதிருக்கிறேன்.

லீவில் வந்ததும் சாம் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையில் இருந்து மடித்த தாளை எடுத்து அப்பா முன்னால் வைத்தார். என் விண்ணப்பம். அப்பா கண்ணாடியைப் போட்டு, தன் மூலம் வரைக்கும் முழுசாக வாசித்தார். "ஒரு எழுத்துப் பெசகு கூட இல்ல" என்றார் அப்பா, மெதுவாக. (ஆசிரியர் புத்தி!)

சாம் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. முடிவு என்ன என்று அவளே கேட்டாள். "நாப்பது பேரு இந்தக் கல்யாணத்துக்காக முட்டுக்குத்தி ஜெபிச்சாச்சு. வேண்டாம்னா வெள்ளிக்கெழமை தோறும் நாப்பது பேருக்கும் நானாக்கும் பதில் சொல்லணும்" என்றார். அவர் அம்மாவைச் சமாதானப்படுத்த இன்னும் ரெண்டு வாரம் பிடித்தது. அதன் பிறகு சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். எங்க பீனாதான் உலகத்துக்கே வாசிச்சாச்சே, இனி யாருக்கு ஆட்சேபம் என்று பெரியம்மா கேட்டது இன்றுவரை எல்லாக் கல்யாண வீட்டிலும் ஓடுகிறது. ஏதாவது ரகசியம் பேசும்போது நான் உள்ளே நுழைந்தால், "ஓலை வருது, பேச்ச மாத்து" என்பார்கள்.

போன மாதம் என் மகள் இன்டர்நெட்டில் ஏதோ ஒன்றில் சேரப் போக, பதினொன்று வயது போதாது என்று அது சொல்லிவிட, மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள். அத்தான் சாம், "நாப்பத்திரண்டு போடு மக்கா, தொறக்கும்" என்றார். அடிக்கப் போனேன். பதிமூன்று ஆக வேண்டும் என்ற அந்த வரி என்னைத் தள்ளி நிறுத்துவதற்கு என்றுதான் அன்று நினைத்தேன். எங்கள் பின்கதவுக்குப் போட்ட தாழ்ப்பாள் அது என்று தெரியாமல் நானே திறந்துவிட்டேன். பன்னிரண்டு வயதில் விரல் ஓடும். எது வீட்டுக் காரியம், எது ரோட்டுக் காரியம் என்று தெரிய இன்னும் கொஞ்சம் வயதாக வேண்டும். எனக்கு ரொம்பவே ஆனது.

இந்தத் தடவை புத்தியாக, இந்தக் கதையை எழுதுவதற்கு முன்பே அக்காவிடம் போய்க் கேட்டேன். அவள் மீன் கழுவிக்கொண்டே யோசித்தாள். பெயரை மாற்றி விடுகிறேன், வயதையும் வேண்டுமானால் மாற்றுகிறேன் என்றேன்.

"பேர மாத்திக்கோ. வயசத் தொடாத, அத ஒருக்கா மாத்தினதே போதும்" என்றாள்.