பேட்டரியைக் கழற்றிய பின் வராத ஐந்தாம் பாகம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வாரப் பத்திரிகையை முதல் இதழிலிருந்து வாங்கிவரும் வாசகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்களும், துணை ஆசிரியர்களும், குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவரும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக, 'உங்கள் வீட்டுச் சூரியன்' தொடரை எழுதும் மின்னலார் நலமாக இருக்க வேண்டும். அவருக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் எனக்கு வருத்தம். ஒன்றுமில்லை என்றால் அதைவிட வருத்தம்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. முப்பத்து நான்கு வருடம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஸ்டேஷனிலிருந்து போனில் வரும் அனுமதி எண்ணை நோட்டில் எழுதாமல் ஒருமுறைகூடக் கேட்டைத் திறந்ததில்லை. எழுத்தில் இல்லாதது எனக்கு உத்தரவு இல்லை. என் மாமனாரே ஒருநாள் ஸ்கூட்டரோடு நாற்பது நிமிடம் கேட்டுக்கு வெளியே நின்றார். என் கல்யாண வேலையாகத்தான் போய்க்கொண்டிருந்தார். திறக்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே போகப்போகத் தங்களுக்கே விளங்கும்.

போன வருடம் மாடியில் நான்கு சோலார் பலகைகளும், கூடத்து மூலையில் இன்வெர்ட்டரும், அதன் காலடியில் ஒரு பேட்டரியும் வைத்தோம். என் மனைவியும் அவள் தங்கையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாடலில் தேர்ந்தெடுத்தவை. சகலை வீட்டில் அது தேர் மாதிரி ஓடுகிறதாம். எங்கள் வீட்டில் கரண்ட் போனால் பத்து நிமிடம் ஃபேன் சுற்றும், பிறகு இன்வெர்ட்டர் மூன்று முறை கத்தி, 04 என்று எழுதிக் காட்டிவிட்டு அடங்கிவிடும். அந்தச் சமயம் பார்த்துத் தங்கள் பத்திரிகையில் மின்னலாரின் தொடர் ஆரம்பித்தது, முதல் வரியே '04 என்று காட்டுகிறதா? கவலை வேண்டாம்'. எனக்காகவே எழுதியது போல இருந்தது. கவலையை அன்றே விட்டேன். அது தப்பு.

முதல் பாகத்தில் பலகைகளைத் துடைக்கச் சொன்னார். துடைத்தேன், துடைத்த தண்ணீர் பக்கத்து வீட்டம்மா காயப்போட்டிருந்த போர்வை மேல் விழுந்தது, அவர் அதற்குப் பிறகு எங்களோடு பேசுவதில்லை. 04 போகவில்லை. இரண்டாம் பாகத்தில், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பலகை மேல் நிழல் விழுகிறதா என்று மணிக்கு ஒருமுறை குறிக்கச் சொன்னார். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து குறித்தேன். நான்கு மணி நேரம் பெரிய, வட்டமான நிழல். யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியாக இருக்கும் என்று சுற்றுமுற்றும் தேடிக்கொண்டிருக்கும்போது மனைவி மோர் கொண்டுவந்தாள். "உங்க குடைதாங்க அது" என்றாள். குறிப்பேட்டில் திருத்தி எழுதினேன். மூன்றாம் பாகத்தில், வீட்டிலுள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுக் கவனிக்கச் சொன்னார். மிக்சியின் முறை வந்தது. வெறும் மிக்சி. "நானும் இந்த வீட்டுல எத்தனையோ பாத்துட்டேன், காலி மிக்சிக்குக் காவல் உக்காந்தது இன்னைக்குத்தான்" என்றாள் மனைவி. பதினோராவது நிமிடத்தில் மிக்சி புகைந்தது. அது தனிக் கதை, தொடரில் அதற்கு இடமில்லை.

நான்காம் பாகத்துக்கு வருகிறேன். 'பேட்டரியின் இரண்டு ஒயர்களையும் கழற்றி, நுனிகளில் டேப் சுற்றி, பேட்டரியைத் தனியே எடுத்து வைக்கவும். (தொடரும்)' என்று இருந்தது. கழற்றினேன். ஒரு நட்டுக்கு ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை, கையாலேயே வந்துவிட்டது. வேலை சுலபமாக முடிகிறதே என்று சந்தோஷப்பட்டேன். பேட்டரியைத் தூக்க ஆள் பிடித்து, மூலையில் இடமில்லாததால் நடுக்கூடத்தில் ஒரு மரப்பலகைமேல் வைத்தோம். எங்கள் வீட்டுக் கரண்ட் முழுதும் இன்வெர்ட்டர் வழியாகத்தான் போகிறது. பேட்டரி இல்லாமல் அது கண்ணே திறக்காது. ஆகவே அன்றிலிருந்து வெளியே கரண்ட் இருந்தாலும் எங்கள் வீட்டில் இல்லை. ஒரு வாரம்தானே, ஐந்தாம் பாகத்தில் மாட்டச் சொல்வார் என்று மனைவியைச் சமாதானப்படுத்தினேன். அவளும் பேட்டரிக்கு மேல் ஒரு துணியைப் போர்த்தி, டீ தம்ளர் வைக்கப் பழகிக்கொண்டாள்.

அடுத்த இதழில் அந்தப் பக்கத்தில் நரைமுடிக்குப் பத்து யோசனைகள் வந்திருந்தன. பத்தையும் படித்தேன். 'ஒரு மணி நேரம் ஊற வைக்கவும்' என்று ஒன்று இருந்தது. அது பேட்டரிக்கு இல்லை என்பது எனக்கே தெரியும். அதற்கடுத்த இதழில் நாய்க்குட்டி வளர்ப்பு. மூன்றாவது இதழில் விளம்பரம், அதுவும் ஃபேன் விளம்பரம்.

இதற்கிடையே மனைவி பொறுக்கமாட்டாமல் எலக்ட்ரீஷியனை அழைத்துவந்தாள். வந்தவர் பேட்டரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெண்டு ஒயருதானே சார், மாட்டிடவா?"

"அஞ்சாம் பாகம் வரட்டும்."

"நான் இருபது வருஷமா இதே வேலைதான் பாக்கறேன்."

"இருக்கலாம். எழுத்துல ஒண்ணும் வரலையே."

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் மனைவி உள்ளே போய் அவளுடைய பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "நீங்க அந்தப் பத்திரிகையோடயே குடும்பம் நடத்துங்க. நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அவ வீட்டுக்காரரும்தான் படிச்ச மனுஷன், வீட்ட இப்படியா வெச்சிருக்காரு? இந்தக் கூடத்துல ஃபேன் சுத்துற அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க, வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்றோடு ஒன்பது நாள்.

சகலையைப் பற்றி நான் குறை சொல்லக் கூடாது. பள்ளிக்கூடத்தில் கிளார்க். எதையும் படித்தே கற்றுக்கொள்ளலாம் என்பார். பார்க்கும்போதெல்லாம், "அந்தச் சூரியன் தொடர் படிக்கிறீங்களா? நடை எப்படி?" என்று விசாரிப்பார். நடை நன்றாகத்தான் இருக்கிறது என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். என் வீட்டு நிலைமையைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது என் மனைவியே போய்ச் சொல்லியிருப்பாள்.

ஆசிரியர் அவர்களே, போனை மருந்துக்கடையில் சார்ஜ் போட்டுக்கொள்கிறேன், வெளிச்சம் இருக்கும்போதே சமைத்துக்கொள்கிறேன், இருட்டு எனக்குப் பழகிவிட்டது. அவள் இல்லாதது பழகவில்லை. நேற்று டீ போட்டு, இரண்டு தம்ளரில் ஊற்றி, இரண்டையும் பேட்டரிமேல் வைத்துவிட்டேன். ஒன்று ஆறிப்போயிற்று. மின்னலாரைத் தேடிப் பிடித்து ஐந்தாம் பாகத்தை வாங்குங்கள். முழுசாக வேண்டாம். 'மாட்டவும்' என்று ஒரு சொல் அச்சில் வந்தால் போதும், என் மனைவி வீட்டுக்கு வந்துவிடுவாள்.

தங்கள் பத்திரிகை நீடூழி வாழவும், தங்கள் அலுவலகத்து விளக்குகள் அணையாமல் எரியவும் வாழ்த்தி, பதிலுக்குக் காத்திருக்கும்,

பழைய வாசகன் (ரயில்வே கேட், ஓய்வு)

பி.கு.: நேற்று கடிதத்தை ஒட்டப் பசை இல்லாததால் தபாலில் சேர்க்கவில்லை. இன்று காலை அதே எலக்ட்ரீஷியன் வந்து கதவைத் தட்டினார்.

"உங்க சகலை வீட்டுல இருந்து வரேன் சார். உங்க வீட்டம்மாதான் போன் போட்டு அங்க வரச் சொன்னாங்க. அங்கயும் பேட்டரி நடுக்கூடத்துலதான் இருந்துச்சு. துணி போத்தி, மேல பூச்சாடி வெச்சிருந்தாங்க."

"எத்தனை நாளா?"

"நாலு வாரமாம். உங்க சகலை பத்திரிகைக்கு என்ன எழுதுனாலும் முதல்ல வீட்டுல செஞ்சு பாத்துட்டுத்தான் எழுதுவாராம். கழட்டுனவருக்கு மாட்டத் தெரியல. ஒரு நட்டு முன்னாடியே லூசா இருந்திருக்கு, அதான் 04. மாட்டிட்டு அரைச் சுத்து கூடுதலா இறுக்குனேன், தீந்துச்சு. நான் செய்யச் செய்ய பக்கத்துல நின்னு நோட்டுல எழுதிக்கிட்டாரு. அஞ்சாம் பாகம்னு தலைப்பு வேற போட்டாரு."

நான் பேட்டரிமேல் உட்கார்ந்தேன். என் மனைவி இத்தனை நாளும் அங்கே இருட்டில்தான் இருந்திருக்கிறாள். சகலையை அவ்வளவு புகழ்ந்துவிட்டுப் போனவள், எப்படித் திரும்பி வருவாள்? எலக்ட்ரீஷியன் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். "உங்களுக்கு எழுத்துல வேணுமாம்ல" என்றார். என் மனைவியின் கையெழுத்து. 'மாட்டவும். சாயங்காலம் வரேன்.' தேதியும் போட்டிருந்தாள். நோட்டில் பதிந்துகொண்டு, மாட்டச் சொன்னேன். எங்கள் வீட்டிலும் அதே நட்டு, அதே அரைச் சுற்று.

ஆகவே ஐந்தாம் பாகம் தங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. மேலே மின்னலாரைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். கடிதத்தைப் பிரசுரிக்க வேண்டாம், சகலை தங்கள் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவர்.

அவள் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை அண்ணாந்து பார்த்தாள். "ஆளே இல்லாத கூடத்துல எதுக்கு இது ஓடுது? நிறுத்துங்க" என்றாள். எழுத்தில் ஒன்றும் தரவில்லை. நிறுத்திவிட்டேன்.